அப்பாவின் நாட்டுத் துப்பாக்கியை விற்கலாமா?

'பயிர்க் காவலுக்காக அப்பா லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி பரணில் கிடக்கிறது. அப்பா இறந்து 4 மாதம் ஆகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் விலைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?'

- வாசகி ஒருவர், கொல்லிமலை.

கொடுக்கவே கூடாது. லைசென்ஸ் அப்பாவின் பெயருக்குத் தரப்பட்டது. நிலம், மாடு போல அது வாரிசுக்குத் தானாக வந்துசேராது. அவர் காலமான பிறகு துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பதே 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமாகிவிடும். 2019-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. 4 மாதம் போனதே தாமதம்தான். வழக்குக்குப் பயந்து கிணற்றில் போடுவதும் சிலர் செய்கிற வேலை. அப்படிச் செய்தால், பின்னாளில் லைசென்ஸில் உள்ள துப்பாக்கி எங்கே என்று கேட்கும்போது பதில் இருக்காது.

முதலில் காவல் நிலையத்துக்கு போன் செய்து, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைக்க வேண்டும். சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறக் கூடாது. வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி என்றால், உள்ளே பழைய மருந்து இருக்கலாம். ஈரம் படாத கருமருந்து எத்தனை வருடமானாலும் வெடிக்கும். குழலுக்குள் கம்பியை விட்டுப் பார்க்காமல், 'மருந்து இருக்கலாம்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. குழலில் பொறித்த எண்ணும் லைசென்ஸில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்து, அந்த எண்ணோடு ரசீது வாங்க வேண்டும். எண் தேய்ந்திருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். அரத்தால் சுரண்டினால் அது தனிக் குற்றம். லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலும் ஒப்படைக்கலாம். அங்கே வாடகை உண்டு.

ஒப்படைத்தால் பணம் போய்விடுமோ என்ற பயம் தேவையில்லை. லைசென்ஸ் உள்ள ஒருவருக்கோ கடைக்கோ விற்று, அந்தப் பணத்தை வாரிசு பெற்றுக்கொள்ளச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனால், குறித்த காலத்துக்குள் செய்யாவிட்டால் அரசுக்குப் போய்விடும். தனி ஆளுக்கு விற்பதென்றால், கலெக்டருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்றலாம். வாங்குகிறவருடைய லைசென்ஸின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

விற்க மனமில்லை என்றால், வாரிசு ஒருவர் தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் ஆகியவை வேண்டும். அக்கா, தங்கை கையெழுத்தை விட்டுவிட்டுப் போய்த்தான் பலருடைய மனு திரும்புகிறது.

லைசென்ஸ் கிடைத்தாலும் காட்டுப்பன்றியைச் சுட அது அனுமதி ஆகாது. பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பயிர்ச் சேதத்துக்கு ரேஞ்சர் அலுவலகத்தில்தான் மனு கொடுக்க வேண்டும்.