நிலாப் பேச்சு நமக்கும்தான்!

சகோதரிகளே, ஆகஸ்டு 23 தேசிய விண்வெளி தினம். 2023-ல் அன்று மாலைதான் சந்திரயான்-3 நிலாவின் தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் இறங்கியது. அதையொட்டிப் பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் விண்வெளி பற்றிப் பேச்சு வைக்கிறார்கள். நல்ல தமிழில், படம் போட்டுக் காட்டி விளக்குகிறார்கள். எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் அப்படி ஒரு பேச்சுக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் இருந்தார்கள், வாத்தியார்கள் இருந்தார்கள். அடுப்படியில் நிற்கிற நம்மைப் போன்றவர்கள்தான் விரல்விட்டு எண்ணும்படி!

"ராக்கெட்டுக்கும் நமக்கும் என்னக்கா?" என்கிறாள் அடுத்த வீட்டுப் பெண். ஏன், நமக்குப் புரியாத விஷயமா? விக்ரம் கலம் நிலா மண்ணுக்குள் வெப்பமானியை இறக்கிப் பார்த்ததாம். மேலே சுமார் 50 டிகிரி சூடு. எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில், நம் கைக்கு நாலு விரற்கடைதான், பூஜ்யத்துக்கும் கீழே 10 டிகிரி! சோற்றுப் பானையை வைக்கோலில் பொதிந்து வைத்தால் சூடு வெளியே போகாதில்லையா? அந்த வைக்கோல் வேலையை அங்கே புழுதி செய்கிறது. கலத்தை இங்கே சோதித்துப் பார்க்க நிலா மண்ணுக்கு எங்கே போவது? நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறை அதே ஜாதியாம். அதை இடித்துப் பொடியாக்கித்தான் பெங்களூரில் பரப்பினார்கள்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் பட்டது கேள்வி நேரம். பாட்டி ஒருவர் எழுந்து, "கிரகணத்திலே பிள்ளைத்தாய்ச்சி வெளியே வந்தா பிள்ளைக்கு உதடு பிளக்கும்கிறாங்களே, நெசமா தம்பி?" என்று கேட்டுவிட்டார். பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம். பத்து மணிக்குச் சற்று முன் பிடித்து, விட ஏறக்குறைய ஒன்றரை மணி ஆயிற்று. என் உறவில் ஏழு மாதப் பெண். சாயங்காலமே சாப்பாட்டை முடித்து அறைக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். விட்டதும் குளித்த பிறகுதான் தண்ணீர். மாமியார் கெட்டவர் இல்லை, பாவம், பேரப்பிள்ளை மேல் உள்ள பயம்.

பேச வந்தவர் பொறுமையாகச் சொன்னார்: பூமியின் நிழல் நிலா மேல் விழுகிறது, அவ்வளவுதான். சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கக்கூடாது. அது எல்லோருக்கும் பொது. உதடு விஷயத்தை நான் படித்தே தெரிந்துகொண்டேன். கருவில் உதடு கூடுவது நாலாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள். ஏழாம் மாதத்தில் வருகிற நிழல் அதை எப்படிப் பிளக்கும்? ஆரம்ப வாரங்களில் டாக்டரைக் கேட்காமல் வாங்கிப் போடும் மாத்திரைக்குத்தான் பயப்பட வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரியைத் தாகத்தோடு உட்கார வைப்பது எந்த மாதத்திலும் நல்லதல்ல.

1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். ஊர் கேலி செய்யாமலா இருந்தது? அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு நிலாப் பேச்சுக்கு வருவதா கஷ்டம்? ஏற்பாடு செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மாலை ஆறு மணிக்கு வைத்தால் எங்களுக்கு அடுப்பு வேலை. மத்தியானம் மூன்று மணிக்கு வையுங்கள். ரேஷன் கடை வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டுங்கள்.

போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள். கேட்க வேண்டிய கேள்விகளை அவர்கள்தான் கேட்பார்கள்.