வெள்ளைக் கண்மணியில் பொய் எச்சரிக்கை கிடையாது

மே மாதத்தின் இரண்டாவது வாரம் வந்துவிட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கும். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால் உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள், ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம் என்று அது சொல்லும். உலக ரெட்டினோபிளாஸ்டோமா விழிப்புணர்வு வாரத்தை ஒட்டி வருவது அது. அடுத்த சில நாள்களில் மறுப்பும் வந்துவிடும்: பதறாதீர்கள், பெரும்பாலும் வெளிச்சம் விழுந்த கோணம்தான் காரணம், புற்றுநோய் அபூர்வம், மருத்துவமனையில் வீண் கூட்டம் சேர்க்காதீர்கள். முதல் செய்தியில் கொஞ்சம் மிகை உண்டு. இரண்டாவது ஆபத்தானது. அதைச் சில மருத்துவர்களே பொறுப்புணர்வு என்று நம்பிப் பரப்புவதுதான் என்னை எழுத வைக்கிறது.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் புற்றுநோய் இல்லை என்பதை யாரும் மறுக்கவில்லை. குழந்தைகளின் கண்நலம் பற்றிப் பேசுகிறவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய மூன்று எண்கள் உள்ளன. 1965-ல் அமெரிக்காவில் ஹோவர்டும் எல்ஸ்வொர்த்தும், ரெட்டினோபிளாஸ்டோமா என்ற சந்தேகத்தோடு வந்த 500 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 265 பேருக்கு, அதாவது 53 சதவீதத்தினருக்கு, அந்த நோய் இல்லை. 1991-ல் பிலடெல்பியாவின் வில்ஸ் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஷீல்ட்ஸ் குழுவினர் மீண்டும் 500 குழந்தைகளை எடுத்துப் பார்த்தபோது 212 பேருக்கு வேறு நோய், 42 சதவீதம். 2013-ல் அதே மருத்துவமனையிலிருந்து வெளியான ஆய்வில் 2,775 பேரில் 604 பேர், 22 சதவீதம். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டில் 53, 42, 22 என்று இறங்கிவந்திருக்கிறது. ஸ்கேன் வசதி பரவியதும், அனுப்பும் மருத்துவர்கள் கற்றுக்கொண்டதும்தான் காரணம் என்பது என் கணிப்பு. ஆனாலும் அமெரிக்காவில், இவ்வளவு கருவிகளோடு, ஐந்தில் ஒரு குழந்தை இன்னமும் தவறான சந்தேகத்தோடுதான் நிபுணரிடம் வந்துசேர்கிறது. மருத்துவர்களே தடுமாறும் ஒன்றை, 'வெளிச்சத்தின் வேலை' என்று ஒரு வரியில் தாய்மார்களுக்குத் தீர்த்துச் சொல்ல இவர்களுக்கு எங்கிருந்து துணிச்சல் வருகிறது?

அந்த 604 குழந்தைகள் யார் என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 244 பேருக்குக் கோட்ஸ் நோய். விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் புடைத்துக் கசிந்து, கொழுப்பு நீர் தேங்கி, விழித்திரையே பெயர்ந்துவிடும் நோய் இது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, ஒரு கண்ணில் மட்டும் வரும். அடுத்து, கருவில் கண்ணுக்குள் இருந்து, பிறப்பதற்குள் மறைந்திருக்க வேண்டிய ரத்தக் குழாய்கள் மறையாமல் தங்கிவிடும் கோளாறு. அந்தக் கண் வழக்கமாக மற்றதைவிடச் சிறியதாக இருக்கும். ஒரு வயதுக்குள் வரும் குழந்தைகளில் இதுதான் முதலிடம், வயது ஏற ஏற கோட்ஸ் முந்துகிறது. இவை தவிர நாய்க்குட்டிகளின் குடலிலிருந்து மண் வழியாக வரும் டாக்சோகாரா புழு, பிறவிக் கண்புரை, குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய் எல்லாம் உண்டு.

இவற்றில் எதை 'ஒன்றுமில்லை' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்ப முடியும்? பிறவிக் கண்புரையை முதல் சில வாரங்களில் அகற்றாவிட்டால், மூளை அந்தக் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொள்ளாது. பிறகு அறுவை செய்தும் பயன் குறைவு. கோட்ஸ் நோயைத் தொடக்கத்தில் பிடித்தால் லேசர் போதும், விட்டால் சில நேரம் கண்ணையே எடுக்க நேரும். குறைமாதக் குழந்தையின் விழித்திரை நோய் வெள்ளையாகத் தெரியும் கட்டத்தை எட்டிவிட்டால் பார்வை மீள்வது அரிது. பிறந்து 30 நாளுக்குள் நடந்திருக்க வேண்டிய பரிசோதனை நடக்கவில்லை என்பதற்குப் பெரும்பாலும் அந்த வெள்ளையே சாட்சி. ஆக, புற்றுநோய் என்று பயந்து வந்து வேறொன்று என்று தெரிந்த குழந்தையும் வரவேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. இதைப் பொய் எச்சரிக்கை என்பவர்கள் கணக்கையே தலைகீழாகப் போடுகிறார்கள்.

எப்படித்தான் பிரித்தறிகிறார்கள்? குழந்தைக்கு மயக்கம் கொடுத்து, சொட்டு மருந்தால் கண்மணியை விரித்து, தலையில் மாட்டிய விளக்கோடும் கையில் பிடித்த லென்ஸோடும் விழித்திரையை ஓரம்வரை துழாவுகிறார்கள். கோட்ஸ் என்றால் மஞ்சள் படிவின் நடுவே குழாய்கள் குண்டு பல்பு போல உப்பித் தெரியும். புற்றுநோய் என்றால் வெண்கட்டி, அதற்குள் நுழையும் தடித்த குழாய்கள். பிறகு இமையின் மேல் ஸ்கேன் கருவியை வைத்தால், கட்டிக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் திரையில் பளிச்சென்று மின்னி, பின்னால் நிழலை விழச்செய்யும். தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுப்பார்கள். சிடி ஸ்கேனை இப்போது தவிர்க்கிறார்கள். மரபணுவில் கோளாறோடு பிறந்த குழந்தைக்குக் கதிர்வீச்சு பிற்காலத்தில் வேறு புற்றுநோயைக் கொண்டுவரலாம் என்பதால். பெரும்பாலான புற்றுநோய்களில் சதையெடுத்துச் சோதித்த பிறகே சிகிச்சை தொடங்குகிறது. இங்கே கட்டிக்குள் ஊசி போகக் கூடாது. போனால் செல்கள் கண்ணைத் தாண்டிப் பரவலாம். கண்ணால் பார்த்தே தீர்மானிக்க வேண்டிய இந்த வேலையை, டார்ச் மட்டும் இருக்கும் கிளினிக்கில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட முடியாது.

முடித்துவிடத்தான் பார்க்கிறார்கள். 'ஆறு மாதம் போகட்டும், பார்க்கலாம்' என்ற வாக்கியம் எத்தனை சிற்றூர் கிளினிக்குகளில் சொல்லப்படுகிறது! இந்த நோயின் இரண்டாவது முக்கிய அறிகுறியான மாறுகண்ணை அதிர்ஷ்டம் என்று கொண்டாடும் உறவினர்களை மன்னிக்கலாம், மருத்துவம் படித்தவரை மன்னிக்க முடியாது. 153 நாடுகளிலிருந்து 4,351 குழந்தைகளைக் கணக்கில் எடுத்த ஆய்வு ஒன்று 2020-ல் வெளியானது. நோய் கண்டறியப்பட்டபோது பணக்கார நாடுகளில் குழந்தையின் இடைநிலை வயது 14 மாதம், ஏழை நாடுகளில் 30 மாதம். கண்டறியும்போதே நோய் கண்ணுக்கு வெளியே பரவியிருந்தது பணக்கார நாடுகளில் 1.5 சதவீதம், ஏழை நாடுகளில் 49 சதவீதம். அந்த 16 மாதத்தில் ஏற்கெனவே யாரோ ஒருவர் 'பதறாதீர்கள்' என்று சொல்லியிருப்பார். உலகிலேயே அதிகமாக, ஆண்டுக்கு 1,500-க்குக் குறையாமல், இந்த நோய் வருவதாக மதிப்பிடப்படும் நாடு இந்தியா.

ஃபிளாஷ் படம் ஏமாற்றும் என்பது உண்மைதான். குழந்தை சற்று மூக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தால் வெளிச்சம் பார்வை நரம்பின் முனையில் பட்டு, நல்ல கண்ணும் வெள்ளையாகத் தெரியும். அதற்காக? நேராகப் பார்க்கச் செய்து இன்னொரு படம் எடுக்கலாம், சந்தேகம் இருந்தால் பேருந்து ஏறலாம். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரான பிரையன் ஷா, தன் மகனுக்கே இந்த நோய் வந்த பிறகு ஒரு செல்பேசிச் செயலியை உருவாக்கினார். 40 குழந்தைகளின் ஏறத்தாழ 53,000 குடும்பப் படங்களை அதில் ஓட்டிப் பார்த்தபோது, கண்நோய் இருந்த குழந்தைகளில் 80 சதவீதத்தினருக்கு, மருத்துவர் கண்டுபிடிப்பதற்குச் சராசரியாக 1.3 ஆண்டு முன்பே வெள்ளைக் கண்மணி படத்தில் பதிவாகியிருந்தது. செயலி பிழை செய்யும் என்கிறார்கள். செய்யட்டும். அதன் பிழைக்கு விலை ஒரு நாள் அலைச்சல்.

இப்போது அரசுக்கு வருகிறேன். பதினெட்டு வயதுவரை குழந்தைகளைப் பரிசோதிக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியகிரம் 2013-ல் தொடங்கியபோது முப்பது குறைபாடுகளைப் பட்டியலிட்டது. பிறவிக் கண்புரை அதில் உண்டு, குறைமாத விழித்திரை நோயும் உண்டு. இவை போலவே தோன்றி உயிரை எடுக்கும் ரெட்டினோபிளாஸ்டோமா இல்லை! வெள்ளைக் கண்மணியைக் காணும் களப்பணியாளர் படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறிப்பார்? கண்புரை என்றுதான். கண்புரை என்றால் அறுவைக்கான வரிசையில் நிற்கலாம், புற்றுநோய்க்கு வரிசை கிடையாது.

நோயின் பெயரே படிவத்தில் வேண்டாம். 'வெள்ளைக் கண்மணி, ஒரு வாரத்துக்குள் விழித்திரை நிபுணர்' என்று ஒரே வரி போதும். குழந்தையை ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்தில் தடுப்பூசிக்கு எப்படியும் கொண்டுவருகிறார்கள், ஒன்பதாம் மாதத்திலும் வருகிறார்கள். அப்போதெல்லாம் சற்று இருட்டான மூலையில் வைத்து, கண்மணியில் சிவப்பு ஒளி இரண்டு பக்கமும் ஒரேபோல் வருகிறதா என்று செவிலியர் ஒரு நிமிடம் பார்க்கலாம். ஓரத்தில் இருக்கும் சிறு கட்டி இதில் தப்பிவிடும் என்பார்கள், தப்பாதவற்றையாவது பிடிப்போமே. மதுரை அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் இருக்கும் மாநிலத்தில் நிபுணருக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. இதை ஒழுங்காகச் செய்தால், கண்ணைத் தாண்டிப் பரவிய ரெட்டினோபிளாஸ்டோமா தமிழ்நாட்டில் வெகுவாகக் குறையும் என்று நம்புகிறேன். கூடவே, இந்த நோய் வந்த குழந்தையின் தம்பி தங்கைகளைப் பிறந்த வாரத்திலேயே பரிசோதிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். நலத்துறை நாளைக்கே சுற்றறிக்கை அனுப்பலாம்.