எல்லைக்குச் சட்டம் உண்டு. வகுப்பில் வரைபடம் உண்டா?

புது தில்லி: இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்துக்கு முரணாக நாட்டின் வரைபடத்தை வெளியிடுவோருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்க, 1961-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம் வகை செய்கிறது. 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட புவிசார் தகவல் ஒழுங்குமுறை வரைவு மசோதா ஒரு படி மேலே சென்று, ரூ.100 கோடி வரை அபராதமும் 7 ஆண்டுகள் வரை சிறையும் விதிக்க முனைந்தது. எதிர்ப்பு வலுத்ததால் அந்த மசோதா கைவிடப்பட்டது.

எல்லைக்கோட்டின் மீது இத்தனை அக்கறை காட்டும் நாடு, அந்தக் கோட்டைப் படித்தறியத் தனது பிள்ளைகளுக்குக் கற்றுத் தந்திருக்கிறதா?

இல்லை என்பதையே 2017-ஆம் ஆண்டின் 'அசர்' ஆய்வு காட்டியது. 24 மாநிலங்களைச் சேர்ந்த 28 மாவட்டங்களின் கிராமப்புறங்களில், 14 முதல் 18 வயது வரையிலானவர்களிடம் இந்திய வரைபடம் காட்டப்பட்டது. அது எந்த நாடு என்பதை 14 சதவீதம் பேரால் கூற இயலவில்லை. தலைநகரின் பெயர் 36 சதவீதம் பேருக்குத் தெரியவில்லை. தங்கள் மாநிலத்தின் பெயரை 79 சதவீதம் பேர் கூறினர். ஆனால், அதை வரைபடத்தில் தொட்டுக் காட்டியவர்கள் 42 சதவீதம் பேர் மட்டுமே. பெயர் தெரிகிறது; இடம் தெரியவில்லை. சொந்த மாநிலத்தின் நிலையே இதுவென்றால், உலக நாடுகளைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமோ?

உலக அறிவு இனி ஆடம்பரம் அல்ல. 2022-இல் உக்ரைன் போர் மூண்டபோது, அங்கு பயின்ற ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் போலந்து, ருமேனியா, ஹங்கேரி, ஸ்லோவாகியா எல்லைகளை நோக்கி விரைந்தனர். கிழக்கே கார்கிவ், சுமி நகரங்களில் சிக்கியவர்களுக்கு மேற்கு எல்லையின் தொலைவு உயிர்ப் பிரச்னையாயிற்று. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும், ஐரோப்பாவுக்குச் செல்லும் நமது சரக்குகள் ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. பயண நாள்களும் கப்பல் கட்டணமும் கூடின. வரைபடம் அறிந்தவருக்கு இதன் காரணம் விளங்கும். அறியாதவருக்கு இது வெறும் விலையேற்றம்.

தலைநகரங்களை மனப்பாடம் செய்விப்பது இதற்குத் தீர்வாகாது. என்.சி.இ.ஆர்.டி. 2024-இல் வெளியிட்ட ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் நூல், பூமியில் இடங்களைக் கண்டறிவது பற்றிய பாடத்துடன் தொடங்குவது வரவேற்கத்தக்கது. அந்தப் பாடம் ஏட்டோடு நின்றுவிடக் கூடாது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அச்செய்தி நிகழ்ந்த இடத்தை நாள்தோறும் ஒரு மாணவர் வகுப்பறை வரைபடத்தில் தொட்டுக் காட்டட்டும். பரவலாகப் புழங்கும் மெர்கேட்டர் முறை வரைபடத்தில் கிரீன்லாந்து, ஆப்பிரிக்காவுக்கு இணையாகத் தோன்றும்; உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. அருகில் ஓர் உலக உருண்டையை வைத்தால், பிள்ளைகளே இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வர்.

இதற்குப் பெருஞ்செலவு பிடிக்காது. 1767-இல் தோன்றிய நில அளவைத் துறை டேராடூனில் இருக்கிறது. தேசிய வரைபட நிறுவனம் 1956 முதல் கொல்கத்தாவில் இயங்குகிறது. வகுப்புக்கு ஒரு சுவர் வரைபடம் என்ற பொறுப்பை இவற்றிடம் ஒப்படைக்க அரசு தயங்க வேண்டியதில்லை.

எல்லைப் பிரச்னை எழும்போதெல்லாம் நாடாளுமன்றம் கொந்தளிக்கிறது. அந்த ஆவேசத்தில் ஒரு பங்காவது கல்வித் துறை மானியக் கோரிக்கை விவாதத்திலும் வெளிப்பட வேண்டும். வரைபடத்தைப் பிழையாக அச்சிடுபவரைச் சட்டம் தண்டிக்கலாம்; அதைப் படிக்கத் தெரியாத தலைமுறை உருவானால் யாரைத் தண்டிப்பது?