தீருதவியில் வக்கீலுக்குப் பங்கு இல்லை

கோட்டாறு சந்தையில் மூட்டை தூக்குபவர், என்ன கூலி என்று பேசிய பிறகுதான் மூட்டையைத் தோளில் ஏற்றுவார். அதே மனிதர் சாதிவெறியர்களிடம் அடிபட்டு நாகர்கோவில் நீதிமன்றத்துக்குப் போனால், வக்கீலிடம் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்கத் தயங்குகிறார். ‘பைசா வரட்டு, பாத்துக்கிடலாம்’ என்ற பதிலை நம்பி வக்காலத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

வரப்போகும் அந்தப் பணம் எது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி அரசு தரவேண்டிய தீருதவி. 2016இல் திருத்தப்பட்ட விதிகள் குற்றத்துக்கு ஏற்ப 85,000 ரூபாய் முதல் 8,25,000 ரூபாய் வரை நிர்ணயித்தன. கொலை வழக்கில் பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பாதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் மீதிப் பாதி. அதாவது, முதல் சாட்சி கூண்டில் ஏறும் முன்பே முழுத்தொகையும் வந்தாக வேண்டும். வாதாடி வென்ற பணமல்ல இது. இதில் சதவீதம் கேட்பது, எரிகிற வீட்டில் பிடுங்குவதுதான்.

வழக்கின் முடிவை வைத்து ஃபீஸ் பேசுவதையும், கிடைப்பதில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. 1954இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்றது. விபத்தில் கணவரை இழந்த தெலங்கானா பெண்ணிடம் பத்து லட்சம் வாங்கிய பிறகும், மேலும் மூன்று லட்சத்துக்குக் காசோலை வாங்கினார் ஒரு வக்கீல். அது திரும்பியதும் அவர் மீதே வழக்குப் போட்டார். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது.

கையில் காசில்லாதவருக்குப் பங்கு முறைதானே வசதி என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் விபத்து வழக்குகளில் அது உண்டு. அங்கேயும் குற்ற வழக்குகளில் வக்கீல்கள் அப்படி ஃபீஸ் பேசக் கூடாது. இங்கே அந்த வசதிக்குத் தேவையே இல்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. வன்கொடுமை வழக்கை நடத்துவது அரசின் சிறப்பு வழக்கறிஞர். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அனுபவமுள்ள மூத்த வழக்கறிஞரை ஆட்சியர் நியமிக்கலாம், ஃபீஸ் அரசுடையது என்கின்றன 1995ஆம் ஆண்டு விதிகள். கோகுல்ராஜ் கொலை வழக்கில் அவருடைய தாயார் போராடித்தான் ப.பா.மோகனைச் சிறப்பு வழக்கறிஞராகப் பெற்றார். 2022இல் தண்டனையும் கிடைத்தது.

வக்கீலும் பிழைக்க வேண்டும், மறுக்கவில்லை. அப்பனும் தாத்தனும் வக்கீலாக இருந்த வீட்டுப் பிள்ளை சில வருடம் சம்பளமில்லாமல் ஜூனியராக இருக்க முடியும். முதல் தலைமுறை தலித் வக்கீலால் முடியுமா? இலவசமாக வாதாடு என்று அவரிடம் சொல்வது நியாயமில்லை. அவரைச் சட்ட உதவிப் பட்டியலில் சேர்த்து, உழைப்புக்கேற்ற ஃபீஸை உரிய நேரத்தில் கொடு என்று அரசிடம் கேட்பதே நியாயம். அந்தச் சுமை, அடிபட்டவரின் தீருதவி மீது விழக் கூடாது.

1926இல் சுசீந்திரம் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்த மண் இது. தெருவில் நடக்கக் கூட்டமாகப் போனோம். வக்கீல் அலுவலகத்துக்கு மட்டும் பாதிக்கப்பட்டவரைத் தனியாக அனுப்பலாமா? தோழர்களே, கூடப் போங்கள். சட்டமே அவருக்கு அந்த உரிமையைத் தருகிறது. ஃபீஸை எழுதி வாங்குங்கள், கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள், தீருதவி வரும் வங்கிப் புத்தகமும் காசோலையும் அவர் கையிலேயே இருக்கட்டும். இலவச வக்கீலுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். தொலைபேசி எண் 15100.