படத்து வெயிலும் மனை வெயிலும்

வீடு கட்டப் புகுவோர் இந்நாளில் முதற்கண் காண்பது வீட்டையன்று, வீட்டின் படத்தையே. செங்கல் ஒன்றேனும் அடுக்கப்படுமுன், கட்டட வடிவமைப்பு மென்பொருளிற் சுவரும் கூரையும் சாளரமும் அமைக்கப்பெற்று, அவற்றின்மேல் ஒளி பாய்ச்சப்பெற்று, நிழற்படமோ என மயங்குமாறு ஓர் உருவம் கணிப்பொறியில் வெளிப்படுகின்றது. இதனை ரெண்டரிங் என்பர். அப்படத்தின் அழகிற் பெரும்பகுதி ஒளியினால் ஆவது. ஆதலின், அவ்வொளியை எங்ஙனம் அமைத்தல் வேண்டும் என்னும் வினா படம் வரைவோர்க்கு மட்டும் உரியதன்று. அதனை நம்பிப் பொருள் செலவிடும் குடும்பங்களுக்கும் உரியதாம்.

என் சிறிய தந்தையார், தம் வாழ்நாட் சேமிப்பைக் கொண்டு, இராசிபுரத்துக்கு அண்மையில் ஓர் இல்லம் எடுத்தனர். படத்தில் நடுக்கூடம் பொன்னொளி பரந்து விளங்கிற்று. வடபாலுள்ள அடுக்களைச் சாளரம் ஆனி நண்பகலிலும் குளிர்நிழலில் இருந்தது. வடக்கில் வெயில் வாராதென்று அதற்கு மறைப்பும் அமைத்திலர். குடிபுகுந்த பின்னரோ, கூடத்திற் பகலிலும் விளக்கேற்ற நேர்ந்தது. ஆனி மாதத்தில் அடுக்களையிற் காலையும் மாலையும் வெயில் புகுந்து சிறிய தாயாரை வாட்டிற்று. கொத்தனார் ஓர் அங்குலமும் பிழைத்தாரல்லர். பிழை படத்தின் ஒளியில் இருந்தது.

அஃது எங்ஙனம் என ஆராய்வோம். மென்பொருளில் ஒளிமூலங்கள் பல வகைப்படும். ஞாயிற்றொளி ஒரே திசையினின்று இணைகதிர்களாய் வருவது. வானொளி எப்பக்கமும் பரவி நிழலை மென்மையாக்குவது. புள்ளி விளக்கு, குவி விளக்கு, பரப்பு விளக்கு என்பன வேண்டியவிடத்து வைக்கப்படுவன. நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். இரவில் விளக்கேற்றிய கூடமோ சில நூறு லக்ஸே. இவ்விரண்டையும் ஒரே படத்தில் இணக்குங்கால் உள்ளிடம் இருண்டு தோன்றும். அங்கே, மெய்யில் இல்லாத விளக்கொன்றைக் கண்ணுக்குப் புலப்படாது மறைத்து வைத்தல் எளிது. எங்கள் கூடத்திற் கண்ட பொன்னொளி அத்தகையதே.

சாளரத்தின் கதை வேறு. ஞாயிற்றை அமைக்குங்கால், ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, நாள், நேரம் ஆகியவற்றையும், மனையின் வடதிசையையும் குறித்தல் வேண்டும். குறியாதுவிடின், மென்பொருள் தான் கொண்டுள்ள வேறோர் ஊரின் வெயிலையே காட்டிவிடக்கூடும். வட அட்சரேகை 40 பாகையிலுள்ள அயலூரில், நண்பகல் ஞாயிறு ஆண்டு முழுதும் தெற்கிலேயே நிற்கும். சேலமோ 11.7 பாகையில் உள்ளது. நம் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஞாயிறு உச்சிக்கு நேரே வந்து, வடபாற் சென்று, ஆகஸ்டு 23-ஐ ஒட்டி மீளும். இடைப்பட்ட நான்கு திங்களும் நண்பகல் வெயில் வடக்கினின்றே விழும். ஜூன் 21-இல் வடசுவர் காலைமுதல் மாலைவரை வெயில் காணும். டிசம்பர் 21-இலோ, நண்பகல் ஞாயிறு தெற்கே 55 பாகை உயரத்தில் நிற்கும்.

நம் முன்னோர் இதனை அறியாதாரல்லர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், அரண்மனை எடுத்த நூலறி வல்லுநர், ஞாயிறு எப்பக்கமும் சாராத நண்பகலில் இருகோல் கொண்டு திசை துணிந்து, கயிறிட்டு அளந்த செய்தியை நக்கீரர் கூறுகின்றார். முதலில் அவ்விடத்து ஞாயிறு, பிறகே மனை. கோலும் கயிறும் கொண்டு அவர் செய்ததை, நான்கு எண்களைப் பதித்து நாம் செய்யலாம். எளிதாயிருந்தும் செய்யாமை நம் குறையன்றோ?

படம் அழகுக்கும் விற்பனைக்கும் உரியது, அதனிடம் மெய்யை ஏன் கேட்டல் வேண்டும் எனச் சிலர் வினவுவர். ஓவியன் தன் கருத்துக்கேற்ப ஒளி தீட்டுக. அவனைத் தடுப்பார் இலர். ஆயின், "உம் வீடு இவ்வாறிருக்கும்" என்று ஒருவர் கையிற் கொடுக்கப்படும் படம் ஓவியமன்று, சான்றாகும். பொய்ச்சான்று கூறலாகாது என்னும் கற்பனை நாவுக்கு மட்டும் இடப்பட்டதன்று. மறைவிளக்கு வைத்த படம் ஒன்று தரின், அது நீக்கிய படமும் உடன் தருக. ஏப்ரல், ஜூன், டிசம்பர் ஆகிய மூன்று திங்களின் வெயிலையும் காட்டுக. ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஊரும் நாளும் நேரமும் பொறிக்க.

மாணவ நண்பர்களே, நம்மிற் பலர் ஒருநாள் வீடு கட்டுவோம். சிலர் பிறர்க்குக் கட்டிக் கொடுப்போம். ஒளிமிக்க படமொன்று நம்முன் விரிக்கப்படும்போது, அதன் அழகை வியக்குமுன் ஒரு கேள்வி கேட்போமாக: "ஐயா, இஃது எவ்வூர் வெயில்?"