திறந்த பர்னரா, மூடிய பர்னரா?

கேஸ் அடுப்பு வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் பார்ப்பது பளபளப்பை, அடுத்து விலையை. பர்னரைச் சுற்றி இடைவெளி இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் அந்த வீட்டில் ஒருவர் தினமும் எவ்வளவு நேரம் அடுப்பைத் தேய்க்க வேண்டும் என்பது பெரும்பாலும் அந்த இடைவெளியைப் பொறுத்ததுதான்.

விஷயம் ரொம்ப எளிது. பழைய எவர்சில்வர் அடுப்பில் பர்னரைச் சுற்றி ஓட்டை இருக்கும். பால் பொங்கினால் அதன் வழியே இறங்கி அடியில் உள்ள தட்டிலோ, சமையல் மேடையிலோ நிற்கும். இது திறந்த பர்னர். மூடிய பர்னரில் அந்த ஓட்டை கிடையாது. வழிந்தது மேலேயே நிற்கும். சூடு ஆறியதும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். ஆனால் கண்ணாடி அடுப்பு என்றாலே மூடிய பர்னர் என்று நம்பிவிட வேண்டாம். கண்ணாடியில் ஓட்டை போட்டு, தட்டு வைத்த மாடல்களும் உண்டு.

அப்படியானால் மூடியதே மேல்தானே? அங்கேதான் ஒரு சிக்கல். தீ எரியக் காற்று வேண்டும். திறந்த பர்னருக்குக் கீழிருந்தும் காற்று கிடைக்கிறது. மூடியதில் தீயைச் சுற்றிப் பக்கவாட்டில் வருவதுதான். பாத்திரம் தாங்கும் கம்பி தாழ்வாக இருந்து, மேலே அகலமான பாத்திரத்தை வைத்தால், தீ மஞ்சளாகும். அடியில் கரி பிடிக்கும். ஆக, மூடிய பர்னர் வாங்குபவர்கள் கம்பியின் உயரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அடுத்தது கேஸ் கணக்கு. ஐஎஸ் 4246 தரவிதிப்படி வீட்டு அடுப்பின் வெப்பத்திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும். 72 சதவீதம் தரும் அடுப்பில் அதே சமையலைச் செய்தால் 14.2 கிலோ சிலிண்டருக்குச் சுமார் 800 கிராம் மிச்சம். அடுப்பை ஒருமுறைதான் வாங்குகிறோம், சிலிண்டரையோ வருடம் முழுக்க வாங்குகிறோம். விலைச்சீட்டை மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு தெரியாது.

பாதுகாப்பில் இரண்டும் ஒன்றுதான். பொங்கிய பால் தீயை அணைத்துவிட்டால் கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். தீ அணைந்தால் தானாகவே கேஸை நிறுத்தும் வசதி சில மாடல்களில் இருக்கிறது. கூடுதல் காசு கொடுக்க வேண்டுமானால் அதற்குக் கொடுக்கலாம், கண்ணாடியில் உள்ள பூப்படத்துக்கு அல்ல.

முடிவாக, பாலும் சாதமும் அடிக்கடி பொங்கி வழியும் சின்னக் குடும்பத்துக்கு உயரமான கம்பியுள்ள மூடிய பர்னர் போதும். தினமும் பெரிய இட்லிப் பானையும் அகலச் சட்டியும் ஏறுகிற வீட்டுக்குத் திறந்த பர்னரே நல்லது, தட்டு மட்டும் சுலபமாகக் கழற்றும்படி இருக்க வேண்டும்.

எதை வாங்கினாலும், அடுப்பைத் தினமும் துடைக்கப்போகிறவரைக் கடைக்கு அழைத்துப் போங்கள். பல வீடுகளில் பணம் கொடுப்பவர் தேர்ந்தெடுக்கிறார், வேறொருவர் தேய்க்கிறார். அது நியாயமில்லை!