தாத்தா போடாத கையெழுத்து

ஆபீசில் என் பக்கத்து சீட் நண்பர் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸைத் திறக்கிறார். எலுமிச்சை சாதத்தை வெறித்துப் பார்க்கிறார். மூடிவிடுகிறார்.

"வீட்ல சண்டையா?" என்றேன்.

"சண்டைன்னா சமாதானம் ஆயிடுமே சார். இது கம்ப்யூட்டர்."

அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் 2015-இல் வாங்கியது. ஆபீஸ் விட்டுப் போனதும் நேரு வீதிக் கடைகள் இரண்டுக்கு அதில்தான் கணக்கு எழுதுகிறார். பெண்ணின் காலேஜ் ஃபீஸ் அந்தக் கணக்கிலிருந்துதான் போகிறது. மைக்ரோசாஃப்ட்காரர்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குக் கும்பிடு போட்டுவிட்டார்கள். வேண்டுமானால் பதிவு செய்துகொண்டு இன்னும் ஓராண்டு ஓட்டலாம் என்றார்கள். விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும். பிராசஸர் இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை வேண்டும். இவருடையது நாலாம் தலைமுறை. ரிப்பேர்க்காரர் வந்து பார்த்து, "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விட்டார்.

"லினக்ஸ் போடுங்களேன்" என்று வாயை விட்டேன்.

"எந்த லினக்ஸ் சார்? நூத்துக்கணக்குல இருக்காமே! தேர்ந்தெடுக்கிற விஷயத்துல எங்க குடும்பத்துக்கு ராசி கிடையாது."

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி இந்த ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையிலேயே இருக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். நண்பரின் தாத்தா யோசித்தார். பாட்டியைக் கேட்டார். ஜோசியரைக் கேட்டார். அதற்குள் ஆறு மாதம் ஓடிவிட்டது. எதிர்வீட்டுத் தாத்தா யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார். அந்த வீட்டுப் பேரன்கள் பாரிஸிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை சென்ட் அடித்துக்கொண்டு வந்து போகிறார்கள். அதிலிருந்து இவர்கள் வீட்டில் துணிக்கடைக்குப் போனால்கூட இரண்டு மணிநேரம் ஆகும்.

முதலில் அவருடைய பயத்தைப் போக்க வேண்டியிருந்தது. "நூறு லினக்ஸ் இல்லை. உள்ளே இருக்கிற கெர்னல் எல்லாவற்றிலும் ஒன்றுதான். 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்து வைத்தது. கடலில் பிடித்த மீன் ஒன்றுதான். வைத்திக்குப்பத்துக் குழம்பு வேறு, முத்தியால்பேட்டைக் குழம்பு வேறு. அந்தக் குழம்புக்குப் பெயர்தான் டிஸ்ட்ரோ" என்றேன். மீன் என்றதும் டிபன் பாக்ஸைத் திறந்தார். நல்ல சகுனம்.

"பேரு நல்லா இருக்கறதா பார்த்து எடுத்துடலாமா?"

பெயரில் மயங்கக் கூடாது. 1998-இல் பிரான்ஸில் 'மாண்ட்ரேக்' என்று ஒரு லினக்ஸ் வந்தது. புதியவர்களுக்குச் சுலபமானது என்று அந்தக் காலத்தில் பேரும் புகழும் வாங்கியது. நாம் காமிக்ஸில் படித்த மந்திரவாதி மாண்ட்ரேக்கின் உரிமைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2005-இல் பெயர் 'மாண்ட்ரிவா' ஆயிற்று. 2015-இல் கம்பெனியே மூடப்பட்டது. மந்திரவாதியே மறைந்துபோனார்! ஆகவே பெயரைப் பார்க்காதீர்கள், ஆயுளைப் பாருங்கள். இத்தனை வருடம் பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்று சொல்கிற பதிப்பாக எடுங்கள். உபுண்டுவில் அதற்கு 'எல்.டி.எஸ்.' என்று பெயர். இரண்டு வருடத்துக்கு ஒன்று வரும், ஐந்து வருடம் தாங்கும்.

சரி, மாறுவது எப்படி? இதற்கும் பிரான்ஸிலேயே பாடம் இருக்கிறது. நம் ஊர் போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பியை விட்டுவிட்டுப் போனார்களே, அந்தப் பிரெஞ்சுக்காரர்களின் 'ழாந்தார்மெரி' என்கிற போலீஸ் படை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறியது. ஒரே ராத்திரியில் அல்ல. 2005-இல் விண்டோஸில் இருந்தபடியே ஓப்பன் ஆபீஸுக்கு மாறினார்கள். 2006-இல் ஃபயர்ஃபாக்ஸ். கை பழகிய பிறகு 2008-இல்தான் உபுண்டுவைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். 2013-இல் 37,000 கம்ப்யூட்டர்கள் மாறியிருந்தன. 'பெரிய வித்தியாசம் ஐகான்களிலும் கேம்ஸிலும்தான், கேம்ஸ் எங்களுக்கு முக்கியமில்லை' என்கிற மாதிரி அவர்களுடைய அதிகாரி ஒருவர் சொன்னார். நம் ஆபீசில் அப்படிச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

இதில் இருக்கிற சூட்சுமம் இதுதான். நம் கை பழகியிருப்பது விண்டோஸுக்கு அல்ல. அதன்மேல் ஓடுகிற நாலைந்து சமாசாரங்களுக்கு. அவற்றை முதலில் மாற்றிவிட்டால், அடியில் தரையை மாற்றுவது பெரிதாகத் தெரியாது. நண்பரை ஒரு தாளில் பட்டியல் எழுதச் சொன்னேன். மெயில், வங்கி, யூட்யூப்: ஃபயர்ஃபாக்ஸ் போதும். கடிதம், எக்ஸெல்: லிப்ரே ஆபீஸ். இரண்டையும் விண்டோஸிலேயே போட்டு ஒரு மாதம் பழகச் சொன்னேன். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ்க் கடிதங்கள் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பையும் எடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் 'அன்புள்ள ஐயா' என்பது ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும்.

கடைசி வரியில் 'டாலி' என்று எழுதினார். இருவரும் மௌனமானோம். டாலி விண்டோஸுக்கென்று செய்தது. லினக்ஸில் நேரடியாக ஓடாது.

"விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்ட 'வைன்'னு ஒண்ணு இருக்கு…" என்று ஆரம்பித்தேன்.

நண்பர் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் வெளிச்சம். "நம்ம ஊர்ல அதுக்கு என்ன சார் பஞ்சம்!"

அந்த வைன் வேறு. சில புரோகிராம்களுக்கு நன்றாக வேலை செய்யும், சிலவற்றுக்குத் தள்ளாடும். பெண்ணின் காலேஜ் ஃபீஸை அதை நம்பி ஒப்படைக்க முடியாது. அதனால் டாலிக்காக மட்டும் விண்டோஸை ஒரு மூலையில் வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தோம். மெயில், வங்கி என்று வெளியுலகத் தொடர்பெல்லாம் லினக்ஸில்.

இந்த இடத்தில் என் சொந்த சோகம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் நானும் ஆவேசமாக ஒரு லினக்ஸைப் போட உட்கார்ந்தேன். 'டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவு' என்று ஒரு வரி வந்தது. ஓகே, ஓகே என்று தட்டுகிற பழக்கத்தில் அதற்கும் ஒரு ஓகே. பையன் முதன்முதலாகத் தவழ்ந்த படம் உட்பட ஆறு வருடப் போட்டோக்கள் போய்விட்டன. லினக்ஸ் ஏமாற்றவில்லை, தெளிவாகத்தான் கேட்டது. நான்தான் படிக்கவில்லை. "உங்க அவசரத்துக்கு என் புள்ளை படமா கிடைச்சுது?" என்று என் மனைவி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. ஆகவே முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் நகல் எடுங்கள். எடுத்த நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை 8 ஜி.பி. பென் டிரைவோடு நண்பர் வீட்டுக்குப் போனேன். அதில் லினக்ஸ் மின்ட் ஏற்றியிருந்தேன். 2006-இல் இதை ஆரம்பித்த க்ளெமான் லெஃபெவ்ரும் பிரெஞ்சுக்காரர்தான். விட்ட குறை தொட்ட குறை! முகப்புக்கு சின்னமன் என்று பெயர். புதினாவும் பட்டையும். பிரியாணி வாசனை வந்தாலும் கீழே மெனு, ஓரத்தில் கடிகாரம் என்று விண்டோஸ் பழகியவருக்குப் புகுந்த வீடு மாதிரி தெரியாது. ரொம்பப் பழைய மெஷின் என்றால் எக்ஸ்.எஃப்.சி.ஈ. முகப்பு இன்னும் இலேசானது. உபுண்டுவும் நல்லதுதான், மெனு ஏற்பாடு கொஞ்சம் வேறு. ஸோரின் விண்டோஸ் சாயலிலேயே செய்தது. அதன் 18-ஆம் பதிப்பை விண்டோஸ் 10 விடைபெற்ற அதே நாளில் வெளியிட்ட குறும்புக்காரர்கள். ஆர்ச் என்று யாராவது இளைஞர் சிபாரிசு செய்தால் வணக்கம் சொல்லி நகர்ந்துவிடுங்கள். அது இரண்டாவது கல்யாணம்.

மூன்றில் மின்ட் ஏன்? எனக்கு அது தெரியும் என்பதால். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு பிரின்டர் அடம் பிடித்தால் போன் போட ஒரு ஆள் வேண்டும். உங்கள் தெருவில் உபுண்டு தெரிந்த பையன் இருந்தால் உங்களுக்கு உபுண்டுதான் சிறந்தது.

பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்த்தோம். டிஸ்கைத் தொடவே இல்லை. வைஃபை வந்தது. சவுண்டு வந்தது. தமிழ் வந்தது. பிரின்டர் ஒருமுறை முறைத்துவிட்டு வழிக்கு வந்தது. அதன்பிறகே 'விண்டோஸோடு சேர்த்து நிறுவு' என்ற வரியை, இருவரும் வாய்விட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, அழுத்தினோம்.

மறுநாள் ராத்திரி போன்.

"சார், ஆன் பண்ணினா லினக்ஸா விண்டோஸான்னு கேக்குது. எத்தனை நாளைக்குள்ள எழுதிக் குடுக்கணும்?"

"எழுதிக் கொடுக்கவே வேண்டாம். தினமும் கேட்கும். தினமும் உங்க இஷ்டம்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"தாத்தாகிட்ட இப்படி யாராவது சொல்லியிருந்தா, பாவம், நிம்மதியா செத்திருப்பாரு சார்."

மறுநாள் மத்தியானம் எலுமிச்சை சாதம் முழுவதும் காலி. என்னுடையதும்.